உறையும் உணவும்

சிராவக, சிராவகியரே! கண் விரும்பியதை நா கேட்பது இளமையின் இயல்பு. அதனை நன்கறிந்தே தின்பண்டங்கள் வண்ண உறைகளில் வந்து நம் பிள்ளைகளை அழைக்கின்றன. பச்சை வட்டக் குறியைக் கண்டதும் நாமும் ஐயமின்றி வாங்கித் தருகிறோம்.

நம் நாட்டில் வழங்கும் அக்குறி, புலாலும் முட்டையும் இல்லை என்று உரைக்குமேயன்றி, நம் விரதத்திற்குச் சான்றாகாது. தேனையும், மிட்டாய்க்கு மெருகூட்டும் பூச்சியரக்கையும் இன்றைய விதி விலக்கவில்லை. ஊன், கள், தேன் மூன்றையும் துறப்பது இல்லறத்தாரின் மூலகுணம் அன்றோ?

உறையின் முன்புறம் ஆசையை எழுப்பும். பின்புறத்துச் சிற்றெழுத்தே சேர்பொருள்களைக் கூறும். பிள்ளைகளைக் கடிந்து தடுப்பதினும், அதனைப் படித்துத் தாமே விலக்கப் பழக்குவோம். நற்காட்சியும் நன்ஞானமும் முற்பட்டாலன்றி நல்லொழுக்கம் நிலைபெறாது. அறம் வளர்க!