ஊர்க்காற்றும் சேரிக்காற்றும்

போன மார்கழியில் என் மகளுக்காகக் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வாங்கினேன். தவணையில்தான். அவளுக்கு ஏழு வயது. பனி இறங்கினால் இளைப்பு வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அப்பா, மூச்சு வரல" என்பாள். அந்த நேரத்தில் தத்துவமெல்லாம் தோன்றாது. கடன்பட்டாவது எதையாவது செய்யத்தான் தோன்றும். வீட்டுத் தூசியும் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர்.

நாங்கள் இருப்பது காஞ்சிபுரத்தில், தறிச்சத்தம் கேட்கிற ஒரு தெருவில், வாடகை வீடு. நான் பிறந்தது உத்திரமேரூர் பக்கம் ஒரு காலனியில். காலனிக்கு அந்தாண்டை கிரஷர்.

மெஷின் விற்ற பையன் நல்ல பையன். வடிகட்டியைக் கழற்றிக் காட்டி விளக்கமெல்லாம் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணு சார், பக்கத்து வீட்ல கவுச்சி சமைச்சா அந்த வாடைகூட உங்க ரூம்ல நிக்காது" என்றான். சிரித்துவைத்தேன். அந்தப் பக்கத்து வீடே நான்தான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் கருவாடு வறுத்தால் மாடிவீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படும் சத்தம் எனக்குப் பழக்கம். தூசியும் நம் சோற்று வாசனையும் அவனுக்கு ஒரே பட்டியலில் இருந்தன. அவன் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வருவதுதான் சாதி.

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தாள்.

"இன்னாடா இது, ராவெல்லாம் உஸ்ஸுன்னுது?"

சொன்னேன். காற்றை உள்ளே இழுக்கும், தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு நல்ல காற்றை வெளியே விடும் என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நைனாவுக்கு இது இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"இல்லம்மா. இது வீட்டுக் காத்தத்தான் சுத்தம் பண்ணும்."

"அப்ப இதுல புடிச்ச தூசிய எங்க கொட்டுவ?"

"குப்பைல."

"குப்பைய யார்ரா அள்றது? உம் பெரிப்பா மவன்தான?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்க்கிற முயற்சிதான்.

முதலில் மெஷினைப் பற்றி நியாயமாகப் பேசிவிடுவோம். உள்ளே இருக்கும் 'ஹெப்பா' வடிகட்டி, தரமானதாக இருந்தால், 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடித்துவிடும். கதவு ஜன்னலைச் சாத்திவைத்தால்தான் அதன் வேலை நடக்கும். மிதக்கிற தூசியைத்தான் அது பிடிக்கும். தூசிப்பூச்சியின் கழிவு கனமானது, சீக்கிரமே பாயிலும் தலையணையிலும் படிந்துவிடும். அதற்கு வாரம் ஒருமுறை துணியைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கித் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கொசுவத்தியையும் ஊதுவத்தியையும் நிறுத்த வேண்டும். புகையில் இருக்கும் வாயுவை ஹெப்பா பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி தனியாக வேண்டும். ஓசோன் விடுகிற மெஷின்களும் உண்டு. அவை இளைப்பை அதிகமாக்கும், வாங்கக் கூடாது. இத்தனையும் செய்தோம். மகள் இப்போது ஓரளவு தூங்குகிறாள். இதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் நைனாவின் கதை வேறு. பதினாலு வருஷம் கிரஷர் வாயில் நின்றவர். கருங்கல் உடைபடும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத தூசி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்தது, நுரையீரலின் கடைசி அறைவரை போய் அங்கே தழும்பாகிவிடும். அதன் பெயர் சிலிகோசிஸ். குணமாக்க மருந்தில்லை. அது வந்தவர்களைக் காசநோயும் சுலபமாகப் பிடிக்கும். நைனாவின் சீட்டில் 'டிபி' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. பட்டியலில் நோய் இருந்தது, நோயாளிதான் இல்லை. மத்தியப் பிரதேசத்திலிருந்து குஜராத்தின் கல் அரைக்கும் ஆலைகளுக்குக் கூலிக்குப் போய்ச் செத்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016இல்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள்.

நைனா உடைத்த ஜல்லி எங்கே போயிற்று? வீடானது, ரோடானது. காற்று புகாத அடுக்குமாடிச் சுவரானது. அந்தச் சுவருக்குள் இன்று இந்த மெஷின் ஓடுகிறது. கல் ஊருக்குப் போயிற்று, தூசி எங்களுக்கு மிஞ்சிற்று.

காஞ்சிபுரத்தை மண் தலம் என்கிறார்கள். ஐம்பூதங்களில் நிலத்துக்கு ஏகாம்பரநாதர், காற்றுக்குக் காளஹஸ்தி. பூதங்களுக்குக் கோயில் கட்டினார்கள். அந்தப் பூதங்களை நமக்கு எப்படிப் பங்கிட்டார்கள்? நிலம்: இந்தச் செங்கல்பட்டுச் சீமையில்தான் 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார், பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போன போராட்டத்தில் 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீர்: 1927இல் மகாட் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளப் பாபாசாகேப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2022இல் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். நெருப்பு: 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 உயிர்.

காற்றையாவது விட்டுவைத்தார்களா? காற்றுக்கு வேலி இல்லை என்று பழகிய பேச்சு ஒன்று உண்டு. அது பொய். தீண்டாமைக்கு மேலே அணுகாமை என்று ஒன்று வைத்தார்கள். இந்தச் சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்தார்கள். அந்த அடிகளுக்கு நடுவில் என்ன இருந்தது? காற்றுதானே? தீண்டப்படாதார் குடியிருப்பு தெற்கே இருக்க வேண்டும் என்று ஊர் வழக்கம் இருந்ததை அம்பேத்கர் எழுதிவைத்திருக்கிறார். சுடுகாடும் குப்பைமேடும் கிரஷரும் எந்தப் பக்கம் வருகின்றன என்று ஒவ்வொரு ஊரிலும் போய்ப் பாருங்கள்.

தூய்மைக்கும் சுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சுத்தம் என்பது அழுக்கை இல்லாமல் செய்வது. சாதி சொல்லும் தூய்மையோ அழுக்கை அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது. மெஷினுக்குச் சாதி தெரியாது. யார் வீட்டுத் தூசியானாலும் ஒரே மாதிரி பிடிக்கும். கதவைச் சாத்தினவன், வெளியே உள்ள காற்றைப் பற்றி இனி எனக்குக் கவலையில்லை என்று நினைக்கிற இடத்தில்தான் மெஷினுக்குள் சாதி புகுந்துவிடுகிறது.

அப்படியானால் நான் வாங்கியது தப்பா? பல நாள் யோசித்தேன். தப்பில்லை. மூச்சு முட்டுகிற குழந்தையிடம் 'சமுதாயம் மாறட்டும், பொறு' என்று சொல்வது ஒழுக்கமல்ல, கொடுமை. நம் பிள்ளைகள் மட்டும் எல்லாத் துன்பத்தையும் கொள்கைக்காகத் தாங்க வேண்டுமா? ஆனால் வாங்கியதோடு கதை முடிந்தது என்று நான் நினைத்தால், அதுதான் தப்பு. அன்றைக்கு மாடிவீட்டு ஜன்னல் எனக்குள்ளும் சாத்திக்கொண்டது என்று அர்த்தம்.

இந்த ஹெப்பா வடிகட்டியின் பிறப்பைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1940களில் அமெரிக்காவில் அணுகுண்டு வேலை நடந்த இடத்தில், கதிரியக்கத் துகளைப் பிடிக்கச் செய்தது அது. அழிவுக்கான வேலைதான். இருந்தும், நஞ்சு கிளம்புகிற இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்ற புத்தி அதில் இருந்தது. நம் ஊரிலோ அது நேராகப் படுக்கையறைக்கு வந்துவிட்டது, வேலைத்தளத்தில் இறங்கவேயில்லை. கிரஷரில் கல் விழும் இடத்தில் தண்ணீர் தெளிக்கலாம், பெல்ட்டை மூடலாம், சுற்றி மறைப்பு கட்டலாம், தூசியை உறிஞ்சலாம், வேலை செய்கிறவருக்குப் பொருத்தமான முகக்கவசம் தரலாம். இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை.

மாசில்லாத காற்று வாழும் உரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2021இல், நுண்தூசி ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்றது. நம் நாடு 2009இல் வைத்த அளவு 40. அவர்களுக்கும் நமக்கும் நுரையீரல் ஒன்றுதான். அந்த 40ஐயாவது கிரஷர் பக்கத்துக் காலனியில் யாராவது அளந்தார்களா? அளக்கும் கருவி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதும் சாதி ஒழிப்புக் கேள்விதான். நம் தோழர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும்.

போன மாசம் வடிகட்டியை மாற்றினேன். வெள்ளையாக வந்தது, சாம்பல் நிறமாகியிருந்தது. அதை ஒரு பையில் கட்டி, மேலே 'தூசி' என்று எழுதி, காலையில் வந்த பெரியப்பா மகன் கையில் கொடுத்து, "முகத்தக் கட்டிக்கோண்ணா" என்றேன். அவர் சிரித்தார்.

"இதயாவது கட்டிக் குடுத்தியே. மத்ததெல்லாம் தொறந்தேதான்டா வருது" என்றார்.