பர்மா பஜாரும் செக்கரியாவும்

பொதுக்காலம் 26ஆம் வாரம், திங்கள்
வாசகங்கள்: செக்கரியா 8:1-8; லூக்கா 9:46-50



இடிந்து கிடக்கும் ஊரைப் பார்த்து, இது மறுபடி எழும்பும் என்று சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு வந்தால் அவர் எதைச் சொல்வார்? மதில் எழும்பும், கோட்டை எழும்பும், பகைவன் ஓடிப்போவான், களஞ்சியம் நிரம்பும் என்பார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். செக்கரியா சொன்னது வேறு. வயதான ஆண்களும் பெண்களும் கையில் கோலோடு தெருவில் வந்து உட்காருவார்கள். அதே தெருவில் பையன்களும் பெண்பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பார்கள். எருசலேமுக்கு ஆண்டவர் திரும்பி வந்துவிட்டார் என்பதற்கு அவர் காட்டிய அடையாளம் இதுதான்.

இதைக் கேட்டவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கி.மு. 520ஐ ஒட்டிய காலம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். கி.மு. 587இல் இடிக்கப்பட்ட பழைய கோவிலைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர்கள் ஓரிருவர் தள்ளாத வயதில் இன்னும் இருந்திருக்கலாம். கடந்த வெள்ளிக்கிழமை நாம் வாசித்த ஆகாய் நூலில் ஆண்டவர் அவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்: பழைய அழகைப் பார்த்தவர்களுக்கு இந்தப் புதுக் கட்டடம் ஒன்றுமில்லாததாகத் தோன்றுகிறதா என்று. எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரத்தில் இன்னும் உருக்கமான காட்சி ஒன்று உண்டு. புதுக் கோவிலுக்கு அடித்தளம் போட்ட அன்று இளையவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், முதியவர்கள் விம்மி அழுகிறார்கள், எது மகிழ்ச்சி எது அழுகை என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லை.

அந்த முதியவர்களை நான் குறை சொல்லத் தயாரில்லை. பழையதை நினைத்து ஏங்கும் அந்த வியாதி நமக்கும் இருக்கிறது. இங்கே நாற்பதைத் தாண்டிய சென்னைக்காரர்களிடம் ஸ்பென்சர் பிளாசா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். நம் ஊரில் 'மால்' என்ற ஒன்றை முதன்முதலில் நமக்குக் காட்டிய இடம் அது. எஸ்கலேட்டரில் முதல் காலை வைக்கப் பயந்து பின்னால் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்தது, எதையும் வாங்காமல் மியூசிக் வேர்ல்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றது, மே மாத மத்தியானத்தில் ஏசி காற்றுக்காகவே மூன்று கட்டடங்களையும் சுற்றி வந்தது எல்லாம் ஞாபகம் வரும். 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது, 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் வந்தது. இன்று ஸ்பென்சருக்குள் நடந்தால் இறக்கிவிட்ட ஷட்டர்களைத்தான் நிறையப் பார்க்கிறோம். 'அந்த மாதிரி வருமா, ஃபாதர்?' என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1990களில் நாங்கள் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது எங்கள் தாத்தாக்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் மனதில் இருந்தது தீயில் அழிந்துபோன பழைய ஸ்பென்சர், மவுண்ட் ரோட்டின் அந்தச் சிவப்புக் கட்டடம். எங்களுக்கு அதிசயமாய்த் தெரிந்தது அவர்களுக்கு இரண்டாந்தரம். ஆகாய் காலத்துச் சண்டை அண்ணா சாலையிலும் நடந்திருக்கிறது.

என் சொந்த ஏக்கம் ஸ்பென்சர் அல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா எங்களை ஆர்மேனியன் தெரு அந்தோணியாரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு நவநாள் எப்போது முடியும் என்றிருக்கும். முடிந்ததும் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கொஞ்ச தூரத்தில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார். புனிதர் என் பக்தியை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது, நான் அவரிடம் வேண்டியதெல்லாம் ஒரு டிவி கேம்.

அன்று நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகளில் பல, ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். அதில் செருகும் கேசட்டின் மேல் '99999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். வீட்டுக்கு வந்து பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் மரியோ, கான்ட்ரா, டாங்க், வாத்து சுடுவது, சர்க்கஸ் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு விளையாட்டு. மிச்சமெல்லாம் அதே விளையாட்டு, வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். கான்ட்ராவில் மேலே மேலே கீழே கீழே என்று ஒரு வரிசையில் பொத்தானை அமுக்கினால் முப்பது உயிர் கிடைக்கும். அந்த வரிசை தெரிந்த பையனுக்குத் தெருவில் இருந்த மரியாதை எனக்கு இன்றுவரை இந்த அங்கி போட்டும் கிடைக்கவில்லை. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அடியில் 'பூ'வென்று ஊதுவோம். ஊதியதால் அது சரியாகவில்லை, கழற்றி மறுபடி செருகியதில் கம்பிகள் சரியாகத் தொட்டுக்கொண்டன. எச்சில் ஈரம்பட்டு உள்ளே துருதான் ஏறியது. ஆதாமின் மூக்கில் ஆண்டவர் ஊதிய மூச்சோடு இதை இணைத்துப் பேச எனக்கும் ஆசைதான், வேண்டாம்.

அந்தக் கடைகளில் ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். சின்ன டிவி ஒன்றில் எப்போதும் ஒரு கேம் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கப் போவதில்லை என்று எங்கள் முகத்திலேயே எழுதியிருக்கும், இருந்தும் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுப்பார். அம்மா சங்கடப்பட்டு, 'வாடா, வியாபார நேரத்துல தொந்தரவு பண்ணாத' என்று இழுத்தால், 'விளையாடட்டும்மா, தேஞ்சா போயிடும்' என்பார். ஒருநாள் அம்மா அவரிடம் சொந்த ஊர் கேட்டார்கள்.

'பொறந்தது ரங்கூன்மா. மொகல் தெருவுல அப்பாவுக்குக் கடை. ஜப்பான் பொம்மை எல்லாம் விப்போம். ஒருநாள் வந்து கடையை எடுத்துக்கிட்டாங்க. சாவியைக் குடுத்துட்டுக் கப்பல் ஏறினோம்.'

அன்று அது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, என் கண் டிவியில் இருந்தது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் அரசு ஏற்படுத்திக் கொடுத்ததுதான் பர்மா பஜார். என் பிள்ளைப் பருவத்தின் சொர்க்கம், ஊரை இழந்து வந்தவர்கள் நடைபாதை ஓரத்தில் ஊன்றிய கடைகளின் வரிசை. அந்தப் பெரியவருக்கும் ஒரு பழைய கடை உண்டு, என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு வலிக்கிற ஏக்கம் உண்டு. அவர் அதை எங்களிடம் எப்படிக் காட்டினார்? 'எங்க ரங்கூன் எங்கே, இந்தப் பிளாட்பாரம் எங்கே' என்று எங்களை விரட்டவில்லை. அப்பாவின் கடையில் பொம்மையைத் தொட்ட பிள்ளைகளை யாரும் திட்டாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைத்தான் அவர் எங்களுக்குக் கொடுத்தார்.

இப்போது நற்செய்திக்கு வாருங்கள். தங்களுக்குள் யார் பெரியவர் என்று சீடர்களுக்குள் வாக்குவாதம். இயேசு பதிலுக்கு ஒரு சிறுபிள்ளையைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். லூக்கா இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். நாம் நடத்தும் அந்த வாக்குவாதத்துக்கு ஒரு பழகிய தொடக்கம் உண்டு: 'எங்க காலத்துல...' எங்கள் காலத்தில் தெருவில் விளையாடினோம், இதுகள் போனைக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன. எங்கள் காலத்தில் கடைக்குப் போய்ப் பார்த்து ஏங்கி வாங்கினோம், இதுகளுக்கு எல்லாம் வாசலுக்கே வந்துவிடுகிறது. கேட்கும்போது பழைய நினைவு போலத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது பந்தயம், அதில் ஜெயிக்கப்போவது நாம்தான் என்று முதலிலேயே முடிவாகியிருக்கிறது. தோற்பதற்கென்று எதிரே உட்காரவைக்கப்படுவது பத்து வயசுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் இயேசு தம் பக்கத்தில் நிறுத்துகிறார்.

அந்தக் காலம் நாம் சொல்கிற அளவுக்கு நன்றாகவும் இல்லை. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். அதுவும் எல்லாம் இலவசமாம்! முதுகில் விழுந்த சாட்டையடி மட்டும் எப்படியோ மறந்துபோயிற்று. நம் வீடியோ கேம் கடைகளை நினைத்துப் பாருங்கள். இருட்டு அறை, காயின் போட்டால் 'முஸ்தபா' ஓடும். டைனோசர் வரும் அந்த விளையாட்டின் உண்மையான பெயர் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது, அதில் வரும் ஒருவன் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. அந்த அறைக்குள் ஒரு பெண்பிள்ளையாவது நின்று பார்த்திருக்கிறோமா? என் அக்கா என்னைக் கூப்பிட வருவாள், வாசலிலேயே நின்று பெயர் சொல்லிக் கத்துவாள், உள்ளே கால் வைக்க மாட்டாள். அவளுக்கும் விளையாட ஆசை இருந்தது என்று அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். காசில்லாத பையன்கள் பின்னால் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தார்கள். ஸ்பென்சர் வாசலில் காவலாளி ஒன்றும் சொல்லாமலேயே, காலில் செருப்பில்லாத பிள்ளைகள் தாமாகவே ஒதுங்கி நின்றார்கள். செக்கரியா பையன்களோடு பெண்பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லியிருப்பதை மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர் காட்டுகிற தெரு நாம் விட்டுவந்த தெரு இல்லை. அது இன்னும் வரவில்லை.

பிள்ளைகள் விளையாடுவதே வீண் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுத்திஸ் வீட்டில் பிளேஸ்டேஷன் இருந்தது. வாரம் ஒரு மணி நேரம் என்று தானே எல்லை வைத்துக்கொண்டு விளையாடினார். பிள்ளைகளே, முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போகாதீர்கள்.

ஆண்டவர் தம் மக்களைக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கூட்டிவந்து எருசலேமின் நடுவில் குடியிருக்கச் செய்வேன் என்று முதல் வாசகத்தின் முடிவில் வாக்களிக்கிறார். அப்படிக் கூடிவந்தவர்கள் எங்கே உட்காருவார்கள், பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று பார்த்தால், நம் பங்கில் பதில் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கெபிக்குப் பக்கத்துச் சுவரில் 'இங்கு விளையாடக் கூடாது' என்று பலகை வைத்திருக்கிறோம். பந்து மாதாவின் கண்ணாடிக் கூண்டில் படுகிறது, ஜெபமாலைக்கு இடைஞ்சல் என்று அன்பியக் கூட்டங்களில் புகார் வந்ததால் வைத்தது. புகார் நியாயமானதுதான். ஆனால் பலகை வந்தபிறகு பிள்ளைகள் வருவது நின்றது, அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டிமார் வருவதும் நின்றது. இப்போது அங்கே நிற்பது நம் பைக்குகள்தான்.

பங்குப்பேரவையில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். பலகையைக் கழற்றியாயிற்று. கூண்டுக்கு முன்னால் வலை கட்டப்போகிறோம். வேப்பமரத்தடியில் இரண்டு சிமெண்ட் பெஞ்சு போடுகிறோம், அதற்கு ஒரு குடும்பம் பொறுப்பேற்றிருக்கிறது. கண்ணாடி உடைந்தால் பங்குக் கணக்கில் மாற்றிக்கொள்ளலாம், யாரும் எந்தப் பிள்ளையின் காதையும் திருக வேண்டாம். பெண்பிள்ளைகளை மறைக்கல்வி முடிந்த கையோடு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வரும் ஞாயிறு முதல் மாலை நான்கு மணியிலிருந்து ஜெபமாலை மணி அடிக்கும்வரை அந்த இடம் அவர்களுக்கு. வண்டிகளைப் பின்பக்கம் பள்ளி மைதானத்தில் நிறுத்துங்கள், கேட் திறந்திருக்கும்.