தோல்விக்குப் பின் ஒரு கைதட்டல்

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். இந்தியாவின் இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிக்கொண்டிருந்த சச்சின் டெண்டுல்கர் 136 ரன்னில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரமின் கையில் சிக்கியபோது வெற்றிக்கு இன்னும் 17 ரன்தான் தேவை. அதை எடுக்க வேண்டியிருந்த நால்வருமே கர்நாடகத்துக்காரர்கள். கதக்கைச் சேர்ந்த சுனில் ஜோஷி, பெங்களூரின் அனில் கும்ப்ளே, வெங்கடேஷ் பிரசாத், மைசூரின் ஜவகல் ஸ்ரீநாத். அடுத்த நான்கு ரன்னுக்குள் கதை முடிந்தது. சக்லைனின் பந்தை ஸ்ரீநாத் தடுக்கத்தான் செய்தார். மட்டையில் பட்ட பந்து பின்னால் சுழன்று போய் ஸ்டம்பைத் தொட்டு பெயிலைத் தள்ளியது. 12 ரன்னில் தோல்வி.

சில விநாடிகள் மைதானமே உறைந்துபோனது. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. அக்ரமின் அணி ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடியது. ஒவ்வொரு ஸ்டாண்டும் அதை வாழ்த்தியது.

அந்தக் கைதட்டல் எந்தச் சூழலில் எழுந்தது என்பதை மறந்துவிட்டால் அதன் எடை புரியாது. 1998 மே மாதத்தில்தான் இரு நாடுகளும் அடுத்தடுத்து அணுகுண்டு வெடித்துப் பார்த்திருந்தன. இந்திய மண்ணில் இரு அணிகளும் டெஸ்ட் ஆடி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாகிஸ்தான் வரக் கூடாது என்று சிவசேனைத் தொண்டர்கள் ஜனவரி முதல் வாரத்தில் டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவின் ஆடுகளத்தையே தோண்டிப்போட்டார்கள். டெல்லியில் நடக்கவிருந்த முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது அதனால்தான். கடும் போலீஸ் காவலுக்கு நடுவே ஆடப்பட்ட ஆட்டம் அது.

மைசூருக்கு அந்தத் தோல்வி இரட்டை வலி. மரிமல்லப்பா பள்ளியிலும் ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியிலும் படித்து, ‘மைசூர் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வாங்கிய ஊர்ப்பிள்ளைதான் கடைசியாக அவுட் ஆனவர். தம் பிள்ளையின் ஸ்டம்ப் சரிந்ததை டிவியில் பார்த்த ஊருக்கு, அடுத்த நிமிடமே சென்னைக்காரர்கள் எதிரணிக்குக் கைதட்டுவதையும் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கைதட்டல் சரியா? பகை நாட்டின் அணி தன் அணியைத் தோற்கடிக்கும்போது அதைப் பாராட்டும் கடமை ரசிகருக்கு உண்டா? அல்லது அது தேவைக்கு மிஞ்சிய தாராளமா, இன்னும் கடுமையாகச் சொன்னால், விசுவாசக் குறைவா?

கைதட்டலுக்கு எதிரான வாதங்களில் வலுவானது போர்தான். சேப்பாக்கம் கைதட்டி நான்கு மாதம் முடிவதற்குள் கார்கிலில் சண்டை மூண்டது. ஜூன் 8 அன்று மான்செஸ்டரில் உலகக் கோப்பை ஆட்டத்தில் இரு அணிகளும் மோதியபோது மலைமுகடுகளில் வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அன்று இந்தியா வென்றது. பிரசாத் 5 விக்கெட், ஸ்ரீநாத் 3. எல்லையில் மகனை இழந்த ஒரு வீட்டில் போய், பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்ற கூட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச முடியுமா என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு, விளையாட்டு நாடுகளை இணைக்கும் என்ற வழக்கமான பதில் செல்லாது. இணைக்கவில்லை. சமாதானத்துக்கான கருவியாக அளந்தால் சேப்பாக்கத்தின் கைதட்டல் தோற்றுப்போன ஒன்று. ஆனால் அந்தக் கூட்டம் சமாதானத்துக்காகத் தட்டியதாக நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. நான்கு நாள் வெயிலில் உட்கார்ந்து பார்த்ததற்குத் தட்டியது. ஷாகித் அஃப்ரிடியின் 141-ஐப் பார்த்தது. பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட்டைச் சாய்த்ததைப் பார்த்தது. சக்லைன் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்ததைப் பார்த்தது. பார்த்தவர்கள் பார்த்ததை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேல் ஏதாவது அர்த்தத்தை அதில் ஏற்றியவர்கள் பிறகு எழுதியவர்கள்தான்.

பாராட்டையும் பகையையும் பிரித்துப் பார்க்க மைசூரிலேயே ஓர் ஆட்டம் இருக்கிறது. 2010 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம் மானசகங்கோத்ரி பக்கத்திலுள்ள கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் நடந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். மும்பை வைத்த 338 இலக்கை நோக்கி மணீஷ் பாண்டே 144 அடித்தார். கர்நாடகம் 331 வரை வந்து 6 ரன்னில் கோப்பையை விட்டது. சேப்பாக்கத்தின் 12 ரன்னைவிட நெருக்கமான தோல்வி, அதுவும் ஊர் மண்ணில். ஆனாலும் மும்பை வீரர்கள் நன்றாக ஆடினார்கள் என்று அன்று சொன்ன மைசூர்க்காரரை யாரும் துரோகி என்று அழைத்திருக்க மாட்டார்கள். வலி ஒன்றுதான், தோல்வியின் வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். எதிரில் நிற்பவரின் பாஸ்போர்ட் மட்டும் மாறுகிறது. பாராட்டைக் குற்றமாக்குவது அந்த பாஸ்போர்ட் என்றால், குற்றம் பந்துவீச்சாளர் செய்த எதிலும் இல்லை.

சேப்பாக்கம் முடிந்து மூன்று வாரத்துக்குள் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது இதன் மறுபக்கம். ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஆட்டம். மூன்றாவது ரன்னுக்கு ஓடிய டெண்டுல்கர் கிரீஸ் அருகே ஷோயப் அக்தர்மீது மோதி, ரன் அவுட் ஆனார். கூட்டத்தின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை; அந்தத் தீர்ப்பு பற்றி இன்றும் விவாதம் உண்டு. பாட்டில்கள் பறந்தன. டெண்டுல்கரே மைதானத்தைச் சுற்றிவந்து கெஞ்சினார். கடைசி நாளில் மறுபடி கலவரம். போலீஸ் பல்லாயிரம் பேரை வெளியேற்றியது. காலி ஸ்டாண்டுகளுக்கு முன்னால் பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது.

அந்த ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்தவர் யார் தெரியுமா? ஸ்ரீநாத். முதல் இன்னிங்ஸில் 46 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 86 ரன்னுக்கு 8. அவர் வாழ்நாளிலேயே சிறந்த பந்துவீச்சு. ஆனால் அந்த டெஸ்ட் என்றதும் பேச்சில் முதலில் வருவது ரன் அவுட்டும் காலி மைதானமும்தான். எதிரணியைப் பார்க்க மறுத்த கூட்டம் தன் அணிக்காரரின் சாதனையையும் சேர்த்தே மறைத்துவிட்டது. மைசூர்க்காரர்கள் இதை நினைவில் வைத்திருக்க மற்றவர்களைவிடக் காரணம் அதிகம்.

இதற்காகச் சேப்பாக்கத்தைத் தூக்கிப்பிடித்து ஈடன் கார்டனை இறக்கிவிட வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ரசிகர்கள் என்று சென்னை தன் முதுகில் தானே தட்டிக்கொள்வது 1999 முதல் ஒரு பழக்கமாகிவிட்டது. அதே மைதானத்தில் 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் ஒருவரும் இறங்க முடியவில்லை. ஈழப் போரின் முடிவில் நடந்தவற்றால் கொதித்திருந்த சூழலில் அவர்களை அனுமதிக்க முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார்; ஐபிஎல் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. பெங்களூர் அணியில் இருந்த முத்தையா முரளிதரன் என்ற கண்டித் தமிழருக்கும் அது பொருந்தியது. தூரத்துப் பகைக்குக் கைதட்டிய ஊருக்கு, தன் நெஞ்சுக்கு நெருக்கமான காயம் என்று வந்தபோது வேறு கணக்கு இருந்தது. அது தவறு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. சேப்பாக்கத்து ரசிகர் பிறவியிலேயே பெருந்தன்மையானவர் என்ற கதையை மட்டும் இது கலைத்துவிடுகிறது.

அப்படியானால் ஆட மறுப்பதும் அறம்தானா? சில வேளைகளில் ஆம். 1974-ல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிச் சுற்றை எட்டியது. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் உச்சத்தில் இருந்த காலம். எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. இழந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலை. ஆடாமல் இருப்பதில் ஒரு நேர்மை உண்டு. எதிராளியின் திறமையை அது குறைத்துப் பேசுவதில்லை; களத்தில் இறங்க மாட்டேன் என்று மட்டும் சொல்கிறது.

2025 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பை, கைதட்டலுக்கும் ஆட மறுப்பதற்கும் இடையில் எங்கோ மாட்டிக்கொண்டது. ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதல், மே மாதத்தில் இந்தியாவின் பதிலடியான ஆபரேஷன் சிந்தூர். அதன் பிறகும் ஆட்டம் நடந்தது. ஒளிபரப்பும் விளம்பரமும் நடந்தன. கைகுலுக்கல் மட்டும் நடக்கவில்லை. இறுதியாட்டத்தில் வென்ற இந்திய அணி, பாகிஸ்தான் அமைச்சரும் ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவருமான மொஹ்சின் நக்வியின் கையிலிருந்து கோப்பையை வாங்க மறுத்தது. செத்தவர்களை மதிக்கத்தான் அப்படிச் செய்தோம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அமிர்தராஜ் சகோதரர்களின் அணி விட்டுக்கொடுத்தது ஒரு கோப்பையை. இங்கே விட்டுக்கொடுக்கப்பட்டவை சில விநாடிக் கைகுலுக்கலும் மேடையில் கோப்பை வாங்கும் தருணமும்தான்; ஆட்டமும் அதன் வருமானமும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. எதிர்ப்பின் அளவை, எதிர்ப்பவர் கொடுத்த விலையைக் கொண்டு மதிப்பிட்டால் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது.

ரசிகரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்பதையும் கேட்க வேண்டும். ஸ்ரீநாத்தின் பிற்கால வாழ்க்கை இதற்கு உதவுகிறது. 2006 முதல் அவர் ஐசிசியின் மேட்ச் ரெஃப்ரி. கொரோனா காலத்தில் வெளிநாட்டு அதிகாரிகள் பயணம் செய்ய முடியாததால் 2021-ல் இந்தியா-இங்கிலாந்து தொடருக்கே அவர் ரெஃப்ரியாக இருந்தார். தன் நாட்டு ஆடுகளங்களுக்குத் தானே மதிப்பீடு எழுதினார். அந்த நடுநிலை அவர் வேலை. ரசிகருக்கு அந்த வேலை இல்லை. ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுதான் ரசிகராக இருப்பது. அவர் அழலாம், சோர்ந்து உட்காரலாம், கைதட்டாமல் வீட்டுக்குப் போகலாம். கைதட்டாதவரிடம் அறக்குறை காண்பது, கைதட்டியவரிடம் தேசத்துரோகம் காண்பதற்குத் தம்பி முறை.

கட்டாயம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விளைவு ஒன்றே. 1990-ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட், குடியேறியவர்கள் எந்த கிரிக்கெட் அணிக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்று பார்த்து அவர்களின் விசுவாசத்தை அளக்கலாம் என்றார். லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இங்கிலாந்து-இலங்கை ஆட்டத்தைப் பார்க்கும்போது அந்த அளவுகோல் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் இந்த அளவுகோல் காவல் நிலையம் வரை போயிருக்கிறது. 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் பாகிஸ்தான் வென்றதைக் கொண்டாடியதாகச் சொல்லி மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் மாவட்டத்தில் முஸ்லிம்கள் பலர் கைதானார்கள். 2023-ல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இடையில் போனவை ஆறு ஆண்டுகள். சேப்பாக்கத்தில் கைதட்டியவர்கள்மீது யாரும் வழக்குப் போடவில்லை. பெரும்பான்மைக் கூட்டத்தின் கைதட்டல் பெருந்தன்மை என்றும், சிறுபான்மையினரின் கைதட்டல் குற்றம் என்றும் பெயர் பெறும் என்றால், அங்கே எடைபோடப்படுவது கைதட்டல் அல்ல.

சேப்பாக்கம் ஒருதலைக் காதலாகவும் முடியவில்லை. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது கராச்சி ஆட்டத்தில் இந்தியா 5 ரன்னில் வென்றதை அங்குள்ள கூட்டமும் கைதட்டி ஏற்றது. அந்தப் பயணத்தில் அங்கே எல்லோருக்கும் செல்லப்பிள்ளையானவர் சென்னையின் லட்சுமிபதி பாலாஜி. கடைசி ஓவர்களில் சிக்ஸர் அடித்ததற்காகவும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்ததற்காகவும் எதிர்நாட்டு ஸ்டாண்டுகள் அவர் பெயரைக் கூவின.

இரு நாடுகளும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில், பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில். இந்தியக் கேப்டன் கும்ப்ளே. கங்குலி 239 அடித்த அந்த ஆட்டம் டிரா. அந்த மாதம் மைசூரில் பிறந்த குழந்தைக்கு இப்போது ஓட்டுப் போடும் வயது. அந்தத் தலைமுறை அறிந்ததெல்லாம் சில மணி நேரத்தில் முடியும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் இந்தியா-பாகிஸ்தான். அதில் எதிரணிப் பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது 4 ஓவர், அதிகம் போனால் 10. சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் சக்லைனை ஒரு நாளின் பெரும்பகுதி எதிர்கொண்டார். முதல் இன்னிங்ஸில் அவரிடமே பூஜ்யத்தில் அவுட் ஆகியிருந்தார். 136 என்ற எண்ணுக்கு இன்றும் மதிப்பு இருப்பது எதிரில் சக்லைன் பந்துவீசியதால்தான். அவரைக் கழித்துவிட்டு அந்த 136-ஐ மட்டும் இந்தியாவின் கணக்கில் வைத்துக்கொள்ள வழியில்லை. அன்று எழுந்து நின்றவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதினார்கள்.