“எண்பது வயசுல எதுக்கு ஆபரேஷன்?”

மலக்குடல் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்ததும், நோயாளிக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தால், குடும்பத்தின் பேச்சு நோயை விட்டு வயதுக்குப் போய்விடுகிறது. “இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், உடம்பு தாங்குமா?” அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கான விடை பிறந்த ஆண்டில் இல்லை.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் வயதைப் பார்த்தே கோடு கிழித்தது. அறுவைக்கு முன் ஒரு வாரம் கதிர்வீச்சு கொடுத்தால் நோய் திரும்புவது குறையும் என்று 1997இல் காட்டிய ஸ்வீடன் ஆய்வில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களையே சேர்த்தார்கள். கதிர்வீச்சையும் கீமோவையும் அறுவைக்கு முன்பே கொடுப்பது மேல் என்று 2004இல் சொன்ன ஜெர்மன் ஆய்வு 75 வயதோடு நிறுத்திக்கொண்டது. இந்த நோய் மிகுதியாக வருவதோ முதுமையில். ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதன் முடிவை எப்படிப் பொருத்துவது? அதனால்தான் திடமான எண்பது வயதுக்காரருக்குக் குணமாகும் வாய்ப்பு கைநழுவுகிறது. ஒடிந்துபோன எழுபது வயதுக்காரரோ தாங்க முடியாத மருந்தைச் சுமக்கிறார்.

வயதை மட்டும் பாராமல் முதிய புற்றுநோயாளியின் உடல்நிலையை எடைபோடப் பிரான்சில் உருவான ‘ஜி8’ என்ற வினாப்பட்டியல் எனக்கு நியாயமாகப் படுகிறது. சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, தானாக வெளியே நடமாட முடிகிறதா, நினைவும் மனமும் எப்படி, எத்தனை மாத்திரை என்பது போன்ற எட்டுக் கேள்விகள். மொத்தம் 17 மதிப்பெண்; 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழுமையான முதியோர் பரிசோதனை வேண்டும். இதில் வயதுக்கு அதிகபட்சம் 2 மதிப்பெண்தான். “உங்கள் வயதுக்காரர்களோடு பார்த்தால் உங்கள் உடம்பு எப்படி?” என்ற கேள்விக்கும் அதே 2. நோயாளி தன் வாயால் சொல்வதற்கு அவர் வயதுக்குள்ள எடை இருக்கிறது.

வழிகளும் இன்று ஒன்றல்ல. கதிர்வீச்சிலும் கீமோவிலும் கட்டி முழுதும் மறைந்துவிட்டால், வெட்டாமல் அடிக்கடி பரிசோதித்துக் காத்திருக்கலாம் என்று பிரேசிலின் அறுவை மருத்துவர் அஞ்செலிதா ஹப்ர்-காமா காட்டினார். 2004இல் அவர் குழுவின் முடிவுகள் வெளிவந்தன. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. மலம் சேர வயிற்றில் பை வைப்பதையும் அவமானமாக நினைக்கிறோம். ஆசனவாய்த் தசை தளர்ந்த முதியவருக்குக் குடலை இணைத்துவிட்டால், ஒரு நாளில் பலமுறை அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓட நேரிடலாம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக அஞ்சி வீட்டோடு முடங்குவதைவிட, பை சிலருக்கு நிம்மதி. எது நிம்மதி என்று மகன் எப்படிச் சொல்ல முடியும்?

கடும் நோயுற்ற, 60 வயதைக் கடந்த 226 பேரிடம் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் கேட்டு, முடிவை 2002இல் வெளியிட்டார்கள். உயிர் பிழைத்தாலும் கடுமையான உடல் ஊனம் மிஞ்சும் என்றால் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் சுமார் 74 விழுக்காடு. அறிவும் நினைவும் குலையும் என்றால் சுமார் 89. அவர்கள் சாவுக்கு மட்டும் அஞ்சவில்லை. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கும் அஞ்சினார்கள்.

நாமோ நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், “மூலம்தான், சின்ன ஆபரேஷன்” என்று பெரியவர்களை ஏமாற்றிக் கூட்டிப்போகிறோம். தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை வயதானால் போய்விடுவதில்லை. மறைப்பது கருணை என்று நான் நம்பவில்லை. அடுத்த முறை அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மருத்துவரின் அறைக்குள் நீங்கள் மட்டும் போகாதீர்கள். அவரையும் உள்ளே அழைத்துப்போய், அவருக்கு எது முக்கியம் என்று அவரையே சொல்லவிடுங்கள்.