மறைவும் மானமும்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு மறைபொருள் என்று ஒன்று இருக்க முடியுமா? மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்கு இது வெறும் ஏட்டு வினாவாக இருந்ததில்லை. ஊரிலிருந்து கடிதம் வரும். அதைப் படிக்க அவர்களால் இயலாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ, கிராணியையோ, லயத்தில் நாலெழுத்துக் கற்ற பையன் ஒருவனையோ நாடிச் செல்வர். தங்கைக்கு வரன் அமையாத துயரம், அடகுக்குப் போன நிலம், பங்காளிச் சண்டை, மனைவி தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு சொல் ஆகிய யாவும் முதலில் வேறொருவர் கண்ணில் பட்டு, அவர் வாய் வழியாகவே உரியவரின் செவியை அடைந்தன. பதில் எழுதுவதும் அவ்வாறே. படித்துக் காட்டியவர்களில் நல்லவர்கள் பலர்; கேட்டதைத் தம் நெஞ்சோடு புதைத்துக் கொண்டவர்கள். ஆயினும், மற்றொருவர் நல்லவராக இருக்கும் வரையில் மட்டுமே காக்கப்படும் இரகசியம் எவருக்கு உரியது என்னும் ஐயம் நீங்குவதில்லை.

அக்காலம் மறைந்துவிட்டது என்று நாம் எண்ணுகின்றோம். மறையவில்லை, வேறு உருவில் திரும்பி வந்திருக்கின்றது. நாள்தோறும் தமிழ் நாளிதழை வரி விடாமல் படிக்கும் பெரியவர், கைத்தொலைபேசியில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து விழுந்தவுடன், "அம்மாடி, இது என்னன்னு கொஞ்சம் பாரு" என்று மருமகளிடம் நீட்டுகின்றார். எழுத்தறிந்தவரே மீண்டும் எழுத்தறியாதவராகிவிட்டார். சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிங்பாஸ் கணக்கு இன்று ஒரு கதவுக்கான திறவுகோல் அன்று. வீட்டின் எல்லா அறைகளுக்கும் அதுவே திறவுகோல். மத்திய சேமநிதியில் எஞ்சியுள்ள தொகை, வருமான வரி, வீவக வீட்டுக் கடன், மருத்துவமனையில் அடுத்த சந்திப்பு எந்தப் பிரிவில் என்பது வரை யாவும் அதன் வழியே தெரிந்துவிடும். கடவுச்சொல்லை நாட்காட்டியின் பின்புறம் எழுதி மாட்டியிருக்கும் வீடுகள் இல்லாமல் இல்லை. படித்துக் காட்டும் பையன் அன்று ஒரு கடிதத்தைத்தான் பார்த்தான்; இன்று உதவ வருபவர் பெட்டியையே திறந்து பார்க்கின்றார்.

இதனால் என்ன கேடு என்று கேட்பார் உண்டு. "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்" என்னும் பழமொழியை அவர்கள் எடுத்துக்காட்டுவர். குற்றம் செய்யாதவனுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கின்றது என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்வாதத்தில் ஒரு பிழை உண்டு. மறைவையும் கள்ளத்தையும் அது ஒன்றாக்கிவிடுகின்றது. 2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில், எச்ஐவி தொற்றுக்கு ஆளான 14,200 பேரின் விவரங்கள் சிங்கப்பூரின் பதிவேட்டிலிருந்து கசிந்து இணையத்தில் வெளியிடப்பட்டன என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. அப்பட்டியலில் பெயர் இருந்தவர்கள் செய்த குற்றம் யாது? நோயுற்றதைத் தவிர வேறில்லை. அதற்கு முந்திய ஆண்டில் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்களைக் கவர்ந்தனர்; அவர்களுள் 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் களவு போயிற்று. பிரதமராக இருந்த திரு. லீ சியன் லூங் அவர்களின் மருந்துக் குறிப்பும் அதில் அடங்கும். ஒருவர் உண்ணும் மருந்து அவருடைய உடலின் தன்வரலாறு. தூக்கத்துக்கு மாத்திரை உண்கிறார், மனச்சோர்வுக்கு உண்கிறார் என்பதை அறிந்த மேலாளர் அவரைப் பழையபடியே நோக்குவார் என்று எவர் உறுதி கூற முடியும்?

மேலும், மடியில் இருக்கும் கனம் நம்முடையது மட்டும் அன்று. கைவிளக்காகப் பயன்படும் சிறு செயலி ஒன்று நம் தொலைபேசி எண் பட்டியலைப் பார்க்க இசைவு கேட்கின்றது. சிந்தியாமல் 'சரி' என்று தொடுகின்றோம். அப்பட்டியலில் நம் மைத்துனர் இருக்கின்றார், மருத்துவர் இருக்கின்றார், கணவனைப் பிரிந்து முகவரி சொல்லாமல் வாழும் தோழி ஒருத்தியும் இருக்கலாம். அவர்களிடம் நாம் இசைவு கேட்டோமா? விளக்கெரிக்க முகவரிப் பட்டியல் எதற்கு என்று ஒரு கணம் நின்று கேட்பது கணினித் திறன் மட்டும் அன்று, அறமும் ஆகும்.

இவ்விடத்தில் நம் இலக்கண மரபு நினைவுக்கு வருகின்றது. அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. காதல் ஊரறியப் பாடப்படலாம். யாருடைய காதல் என்பது வெளிப்படலாகாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். பிரிவால் வாடும் அரசியையும் பாசறையில் துயிலாத அரசனையும் பாடுகின்ற அப்பாட்டின் உள்ளடக்கம் அகமே. எவர் பெயரும் அதில் இல்லை. எனினும் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருந்ததைப் புலவர் நக்கீரர் குறிப்பிட்டுவிட்டார். வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளப் பூ; ஆகவே தலைவன் யார் என்பது தெரிந்துவிட்டது, இது புறமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவான் என்று இன்று நம்புவோர் இந்த வேப்பங்கொத்தைக் கருத வேண்டும். சிங்கப்பூரின் ஆறிலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைச் சுட்டும். அதனுடன் பிறந்த நாளையும் இனத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பெயர் எழுதாத படிவத்திலும் ஆள் நிற்பார். பரிசுக் குலுக்கல் என்று கடைத்தொகுதியில் நீட்டப்படும் தாள்களை நிரப்பும்போது நாம் சூட்டிவிடும் வேப்பங்கொத்துகள் எத்தனை!

அடையாள அட்டை எண்ணைப் பற்றி ஒரு சொல். 2024 டிசம்பரில், அக்ரா ஆணையத்தின் புதிய பிஸ்ஃபைல் இணையவாசலில் பெயரைத் தேடியவர்களுக்கு அடையாள அட்டை எண்கள் முழுமையாகவே தென்பட்டன, மக்கள் கலங்கினர், அரசாங்கம் வருத்தம் தெரிவித்தது. அவ்வமயம் கூறப்பட்ட விளக்கம் ஒன்று கருதத்தக்கது. அந்த எண் ஒருவரின் பெயரைப் போன்றது. 'நான் இன்னார்' என்று சொல்ல உதவும். 'நானே இன்னார்' என்று மெய்ப்பிக்க உதவாது. ஆகவே அதைக் கடவுச்சொல்லாக வைத்துக்கொள்வது, தன் பெயரையே பூட்டாக மாட்டுவதற்கு ஒப்பாகும். பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைப்பதும் அத்தகையதே. தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைக் கோத்து நீண்ட தொடராக்கினால் நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பதும் அரிது. ஒரு கணக்கின் கடவுச்சொல்லை மற்றொன்றுக்கு வைக்காதிருப்பது அதனினும் முதன்மை. தாளில் எழுதிவைப்பதே தவறு என்று சிலர் அச்சுறுத்துவர். அலமாரியில் பூட்டி வைத்த தாள், நாட்காட்டியின் பின்னே தொங்கும் தாளைப் போன்றதன்று என்பேன்.

இனிக் குடும்பத்துக்கு வருவோம். கடினமான பகுதி இதுதான். பெற்ற பிள்ளையிடம் ஒளிப்பதா என்று நம்மவர் கேட்பர். ஒளிப்பது வேறு, ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்வது வேறு. கணவனை இழந்த தங்கைக்கு மாதந்தோறும் ஐம்பது வெள்ளி அனுப்பும் முதியவர், அதைத் தம் பிள்ளைகள் அறிய வேண்டாம் என்று எண்ணலாம். மார்பில் ஒரு கட்டி என்று மருத்துவரிடம் சென்ற தாய், முடிவு தெரியும் வரை மகளிடம் சொல்லாமல் இருக்க விரும்பலாம். இவற்றில் வஞ்சனை இல்லை, மானம் இருக்கின்றது. எதை, எப்போது, எவரிடம் சொல்வது என்று தாமே முடிவு செய்வதில்தான் ஒருவருடைய பெரியதனம் நிற்கின்றது. வங்கிச் செயலியை மகனே திறந்து மகனே மூடும் வீட்டில், தந்தை பேரனுக்குப் பரிசளிப்பதற்கும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கின்றது.

எதிர்த்தரப்பின் கூற்றையும் எளிதில் தள்ளிவிட இயலாது. "அவர் கையில் விட்டால் ஏமாந்துவிடுவார்" என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த பொய்க் குறுஞ்செய்திகளை நம்பி ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். மெய்யான வங்கிச் செய்திகள் வரும் அதே வரிசையில் பொய்ச் செய்தியும் வந்து நின்றதால் பலர் மயங்கினர். அதன் பின்னர், 2022 தொடக்கத்தில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் இணைப்புகளைச் சேர்ப்பதை வங்கிகள் நீக்க வேண்டியதாயிற்று.

ஆயின் இந்த அச்சத்துக்கு மருந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொள்வதா? நான் அதனை ஏற்பதற்கில்லை. எண்ணிப் பாருங்கள். குறுஞ்செய்தியில் எண் வந்தவுடன் அதை உரக்கப் படித்து மற்றவரிடம் சொல்வதையே நாம் அம்முதியவருக்குப் பழக்கமாக்கி வைத்திருக்கின்றோம். பேரனிடம் சொன்னார், மருமகளிடம் சொன்னார், கடைத்தெருவில் தொலைபேசி பழுது பார்க்கும் இளைஞனிடமும் சொன்னார். நாளை காவல் அதிகாரி என்று ஒருவன் அதிகாரக் குரலில் கேட்டால் அவனிடமும் சொல்வார். அன்பின் பெயரால் நாம் பயிற்றியதையே மோசக்காரன் அறுவடை செய்கின்றான். அந்த எண் தம் ஒருவருக்கே உரியது, அதை வாய்விட்டுச் சொல்வதற்கே இல்லை, செய்தி முழுவதையும் படித்து எதற்காக வந்தது என்று அறிந்த பின்னரே தொட வேண்டும் என்று பழகிய முதியவரே பாதுகாப்பானவர். அவருக்காகச் செய்துகொடுப்பது அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் முடியும். அவரையே செய்யவைப்பதற்கு ஐந்து வாரம் ஆகலாம். நமக்குப் பொறுமை இல்லை என்பதை அவருக்குத் திறமை இல்லை என்று பெயர் மாற்றிச் சொல்லி வருகின்றோமோ என்று ஐயுறுகின்றேன். 2020ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மின்னிலக்க அலுவலகத்தின் தூதர்கள் சமூக மன்றங்களிலும் பிற இடங்களிலும் முதியோருக்குப் பொறுமையுடன் கற்பிக்கின்றனர். அயலாரால் இயல்வது பெற்ற பிள்ளைகளால் ஏன் இயலாது?

படித்துக் காட்டுபவருக்கும் ஓர் அறம் உண்டு: எதற்காகக் கடிதம் தரப்பட்டதோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். இது தனிமனிதருக்கு மட்டும் உரிய நெறி அன்று. கொவிட் தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், டிரேஸ்டுகெதர் செயலி அறிமுகமாயிற்று. தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிவதற்கு மட்டுமே அதன் தரவுகள் பயன்படும் என்று சொல்லப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அவற்றைப் பெற இயலும் என்பது 2021 சனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எழுந்த மனக்குறையின் விளைவாக, அடுத்த திங்களிலேயே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தால் வரம்பு கட்டப்பட்டது. கொலைகாரனைப் பிடிப்பது நற்செயல் அன்றோ என்று கேட்கலாம். நற்செயலே. எனினும் ஒன்றைச் சொல்லி வாங்கியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தும்போது, அடுத்த முறை கேட்டால் கொடுக்கும் மனம் குன்றுகின்றது. தந்தையின் கைத்தொலைபேசியில் மருத்துவச் சந்திப்பைப் பதிவு செய்யப் புகுந்த மகன், சேமநிதித் தொகையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, வீடு மாற்றுவதைப் பற்றி இரவு உணவின்போது பேச்செடுப்பதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

கற்ற பிறகும், "நீயே பார்த்துக்கொள் தம்பி" என்று ஒருவர் தாமாக ஒப்படைத்தால் அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. படிக்கத் தெரிந்தவர் தம் கடிதத்தை நண்பரிடம் நீட்டுவது போன்றது அது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நினைவு தடுமாறும் காலம் வரக்கூடும் என்று அஞ்சுவோருக்கும் நேரிய வழி இருக்கின்றது. 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்த மனவளச் சட்டத்தின்கீழ், 21 வயது நிறைந்த எவரும், தம் ஆற்றல் குன்றும் நாளில் தமக்காக முடிவெடுக்க வேண்டியவர் இன்னார் என்று முன்னரே அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து வைக்கலாம். அவ்வாறு பொறுப்பேற்றவர் எழுதியவரின் நலன் கருதியே நடக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். தெளிந்த அறிவோடு இருக்கும்போது தாமே ஆளைத் தேர்ந்து, எவற்றை ஒப்படைப்பது, எவற்றை ஒப்படைக்காதிருப்பது என்று எழுதி வைக்கும் அப்பத்திரத்துக்கும், நாட்காட்டியின் பின்னே தொங்கும் கடவுச்சொல்லுக்கும் உள்ள தொலைவைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் பேச்சே தொடங்கவில்லை.