பத்துத் தலைக்கு எத்தனை ஆத்மா?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆழ்வார்களின் பாசுரங்களைச் சேவிக்கும்போது பல தலைகளையுடைய இருவர் நம் நெஞ்சில் அடிக்கடி வந்து நிற்கின்றனர். ஒருவர், எம்பெருமானுக்குப் படுக்கையான ஆயிரம் பணங்களையுடைய திருவனந்தாழ்வான். மற்றவன், பெருமாளின் அம்புக்கு இலக்கான பத்துத் தலை இராவணன். தலைகள் பலவானால் உள்ளிருக்கும் ஆத்மாவும் பலவோ? சிறுபிள்ளைகள் கேட்கும் கேள்வியாகத் தோன்றினாலும், ஜீவன் எங்கே இருக்கிறான், வினைக்குப் பொறுப்பு யாருடையது என்ற விசாரத்தில் இது நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

ஜீவாத்மா அணு அளவினன். அவனது இருப்பிடம் ஹ்ருதயம் என்பது நம் ஸித்தாந்தம். ஓரிடத்தில் இட்ட சந்தனத் துளி உடல் முழுவதையும் குளிர்விப்பதையும், மூலையில் வைத்த விளக்கின் ஒளி அறை முழுவதும் பரவுவதையும் பூர்வர்கள் இதற்குத் திருஷ்டாந்தமாகக் காட்டுவர். ஆத்மா ஓரிடத்தில் இருக்க, அவனது தர்மபூத ஜ்ஞானம் உடலெங்கும் பரவுகிறது. தலை என்பது அந்த ஜ்ஞானம் வெளிப்படும் வாசல்களில் ஒன்றேயன்றி, ஆத்மாவின் வீடு அன்று. வாசல்களை எண்ணி வீட்டுக்காரர்களை எண்ணிவிட முடியாது.

ஸ்ரீராமாயணம் இதற்குச் சான்று தருகிறது. இராவணன் தவம் செய்தபோது ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு தலையாக ஒன்பது தலைகளை அக்னியில் இட்டான் என்று உத்தர காண்டம் கூறுகிறது. பத்தாவதையும் அறுக்க முற்பட்டபோதுதான் பிரமன் தோன்றினான். தலைக்கொரு ஆத்மா என்று கொண்டால், அங்கே நடந்தது தவம் அன்று, ஒன்பது கொலைகள். வரத்தைப் பெற வேண்டியவர்களும் மாண்ட ஒன்பது பேரே. ஆனால் தவம் செய்தவனும் ஒருவன், வரம் பெற்றவனும் ஒருவன். யுத்த களத்திலோ, பெருமாள் அறுக்க அறுக்கத் தலைகள் முளைத்தன. நூறு தலைகள் உருண்டும் அவன் உயிர் நீங்கவில்லை. மாதலி நினைவூட்ட, பெருமாள் விடுத்த பிரம்மாஸ்திரம் மார்பைப் பிளந்த பிறகே அவன் வீழ்ந்தான்.

இதற்கு நேர் எதிரானவன் கபந்தன். அவனுக்குத் தலையே இல்லை. வயிற்றில் வாய், மார்பில் ஒற்றைக் கண். ஆயினும் அவனுள் ஓர் ஆத்மா இருந்தது. பெருமாள் கையால் முடிந்து, நல்ல உருவம் பெற்று, ஸுக்ரீவன் இருக்குமிடத்தைச் சொல்லிச் சென்றது அந்த ஆத்மாவே. தலை பத்தானாலும், இல்லாமலே போனாலும், ஆத்மாவின் கணக்கு மாறவில்லை.

அப்படியானால் ஓர் உடலுக்கு ஓர் ஆத்மா என்று எண்ணிவிடலாமா? அதுவும் பொருந்தாது. ஸௌபரி முனிவர் மாந்தாதாவின் ஐம்பது பெண்களை மணந்து, தவ வலிமையால் பல உடல்களை எடுத்துக்கொண்டு அவர்களோடு வாழ்ந்தார் என்று ஸ்ரீவிஷ்ணுபுராணம் சொல்லும். ஸ்ரீபாஷ்யமும் அவரை உதாரணமாக எடுத்தாள்கிறது. அங்கே உடல்கள் பல, ஆத்மா ஒருவர்.

ஒட்டிய உடலில் இரண்டு ஆத்மாக்கள் இருப்பதும் உண்டு. 1811-இல் சயாம் தேசத்தில் மார்பருகே ஒட்டிப் பிறந்த சாங், எங் என்ற சகோதரர்கள் பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறினர். ஒருவர் மதுவுக்கு வசப்பட்டவர். மற்றவர் அதைத் தொடாதவர். தனித்தனியே மணம் புரிந்தனர். 1874-இல் ஒருவர் இறந்த சில மணி நேரத்தில் மற்றவரும் இறந்தார். இருவரது கல்லீரலும் இணைந்திருந்தது பின்னர் தெரியவந்தது. பஞ்சதந்திரத்திலும் ஒரு வயிறும் இரு தலைகளும் உடைய பாரண்டம் என்ற பறவை வருகிறது. தனக்குக் கிடைத்த இனிய கனியை ஒரு தலை பகிர மறுக்க, மற்றொன்று கோபத்தால் நஞ்சை உண்டது. வயிறு ஒன்றாதலால் இரண்டும் மாண்டன.

வங்கி வழக்கில் சொல்வதானால், இராவணனும் ஸௌபரியும் பல கிளைகளில் கணக்கு வைத்திருக்கும் ஒரே வாடிக்கையாளர். சாங்கும் எங்கும் ஒரே கணக்கில் கையொப்பமிடும் இருவர். கிளைகளையோ பாஸ்புக்குகளையோ எண்ணினால் ஆள்கணக்குத் தவறிவிடும். ஆளை அறியச் செய்வது 'நான்' என்னும் உணர்வே. ஆத்மா தன்னைத் தானே 'நான்' என்று அறிபவன் என்பதே எம்பெருமானார் தரிசனம். ஒரு வாய் உண்ட சுவையை மற்றொரு வாய்க்குரியவனும் 'நான் உண்டேன்' என்று நினைவு கூர்ந்தால் ஆத்மா ஒன்று; 'அவன் உண்டான்' என்று சொன்னால் இரண்டு. ஆகவே ஒட்டிப் பிறக்கும் குழந்தைகளை விந்தைப் பொருளாகவோ, ஓர் உயிரின் பிழையான வடிவமாகவோ நோக்குவது தகாது. அவர்கள் எம்பெருமானுக்குச் சேஷப்பட்ட இரண்டு ஆத்மாக்கள்.

நம் நிலையையும் இங்கே நோக்க வேண்டும். நமக்குத் தலை ஒன்று, முகங்கள் பல. கோயிலில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று, வேலைக்காரரிடம் ஒன்று. 'அது தொழில், இது பக்தி' என்று பிரித்துக்கொண்டு, ஒரு முகம் செய்த தவறுக்கு மற்றொரு முகம் பொறுப்பில்லை என்று நினைக்கிறோம். ஆனால் வினையின் பயனை நுகரும் 'நான்' ஒருவனே. சரணம் புக வேண்டியவனும் அவனே. ஒரு முகத்தை மட்டும் திருவடியில் வைத்து மற்றவற்றை வெளியே நிறுத்த இயலாது.

இராவணனின் பத்துத் தலைகளும் வணங்கமாட்டோம் என்பதில் ஒன்றுபட்டிருந்தன. திருவனந்தாழ்வானின் ஆயிரம் பணங்களும் கைங்கர்யத்தில் ஒன்றுபட்டிருக்கின்றன. அவர் எம்பெருமானுக்குக் குடையாகவும் ஆசனமாகவும் பாதுகையாகவும் ஆவதைப் பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் பாடினார். ஆளவந்தாரும் ஸ்தோத்ர ரத்னத்தில் இதையே அனுபவித்தார். தலைகள் பலவாயிருப்பது குற்றமும் அன்று, பெருமையும் அன்று. அவை யாருக்காக என்பதே இருவரையும் வேறுபடுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே தலையுடைய நம் உடலிலும் ஜீவன் தனியே இல்லை. அவனுக்குள் அந்தர்யாமியாக எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறான். நாம் எத்தனை முகம் காட்டினாலும் உள்ளிருந்து காண்பவன் அவன் என்பதை மறவாதிருப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.