ஆக்குவோரும் அணிவோரும்

கையால் செய்யப்பட்ட அணியொன்றை விலைகொடுத்து வாங்கும்போது நாம் உண்மையில் எதனை வாங்குகின்றோம்? பொருளையா, அதனைச் செய்தவரின் உழைப்பையா, அன்றி அவரது வாழ்க்கையையா?

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. சில மாதங்களுக்கு முன், என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலை விட்டபின் என்னைக் காண வந்திருந்தார். பனங்குருத்தோலை, மஞ்சாடி விதை, மெல்லிய செப்புக்கம்பி ஆகியவற்றைக் கொண்டு தோடும் மாலையும் காப்பும் செய்து விற்பவர் அவர். அவற்றை மொத்தமாக வாங்கிக் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பும் வணிகர் ஒருவர், ஒவ்வொரு சோடித் தோட்டுடனும் இணைப்பதற்குச் சிறு அட்டையொன்று வேண்டுமெனக் கேட்டிருந்தார். செய்தவரின் அன்றாட வாழ்வும், அவ்வடிவம் அவர் உள்ளத்தில் உதித்த விதமும் அதில் நாலு வரியில் அமையவேண்டும். வடகடலின் அலைகளைக் காலைப்பொழுதிற் பார்த்திருந்தபோது தோன்றிய வடிவம் என்றாற்போல எழுதினால் நன்றென வழியும் காட்டியிருந்தார். தமிழ் படித்தவள் என்பதனால் அதனை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

"அலையைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு எங்கை ரீச்சர் நேரம்?" என்று அவர் சிரித்தார். "இது அம்மா இழைச்ச பெட்டியின்ரை விளிம்பு. அதைத்தான் சின்னனாக்கினனான்."

இவ்விடை சாதாரணமானது, ஆயின் அழகின் பிறப்பிடம் பற்றிய பல பெரிய விளக்கங்களிலும் பார்க்க உண்மையானது. நம் அணிகலன்களின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. முல்லைமொட்டு மாலை, மாங்காய் மாலை, காசுமாலை, சூரியப்பிறை, சந்திரப்பிறை: இப்பெயர்கள் தோட்டத்திலும் சந்தையிலும் திறந்த வானத்தின் கீழும் வாழ்ந்த மக்களின் கண்ணிலிருந்து வந்தவை. காதணிக்கு 'ஓலை' என்றொரு பெயர் தமிழில் உண்டு. ஒருகாலத்தில் பெண்கள் பனையோலையையே சுருளாக்கிக் காதில் இட்டனர். பின்னர் அவ்வடிவத்தைத் தட்டார் பொன்னிற் செய்தனர். பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை. பொன்னை நிறுத்த அளவையும் காட்டிலும் வேலியிலும் கிடைத்ததே. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. இன்று எட்டுக் கிராமைப் பவுண் என்கின்றோம். அன்று தராசுத் தட்டில் விதைகளே இருந்தன.

ஆகவே, அணிகலன் செய்வோரின் உள்ளத்தூண்டல் என்பது வானத்திலிருந்து திடீரென இறங்கும் அருளன்று. பெட்டி இழைத்த தாயின் விரல்களும், சுளகிற் புடைத்த நெல்லும், வலை முடிந்த கயிறும் பல தலைமுறைகளாகச் சேமித்து வைத்த வடிவச்செல்வம் அது. அச்செல்வம் உழைப்போரின் பொதுச்சொத்து. ஆயின் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வடிவம் குடிசையிலிருந்து கடைவீதிக்கு ஏறிச் செல்கின்றது. அதனால் விளையும் பெறுமதியோ கடைவீதியிலேயே தங்கிவிடுகின்றது.

பொன் வேலை செய்வோரின் கதையும் இதுவே. யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியின் பட்டறைகளில் உமியோட்டின் முன் குனிந்து ஊதுகுழலை ஊதியவர்கள் வேறு. கஸ்தூரியார் வீதியிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் கண்ணாடிப் பெட்டிகளின் பின் அமர்ந்தவர்கள் வேறு. வெண்காரமும் பொடியும் வைத்து ஊதிய மூச்சுக்குச் செய்கூலி என்றொரு சிறு கணக்கு. அதற்கு அடுத்த வரியிலேயே சேதாரம் என்றொரு சந்தேகக் கணக்கு. தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி கட்டியது நம் சமுதாயம். சிலப்பதிகாரத்தில் வஞ்சித்தவன் ஒரு பொற்கொல்லன். ஆயின் அவன் குற்றத்துக்காக வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று அக்காப்பியமே சொல்கின்றது. ஒருவன் குற்றத்துக்கு ஒரு தொழிலே குற்றவாளியாயிற்று. தீர விசாரியாது கொலைத்தண்டம் விதித்த பாண்டியன் நெடுஞ்செழியனோ, உண்மை உணர்ந்ததும் உயிர்விட்ட நீதிமான் எனப் புகழப்பட்டான். பொன்னைத் தொடும் கையைச் சந்தேகிப்பதும் பொன்னை உடைய கையை மதிப்பதும் அவ்வளவு பழையவை.

முற்போக்கு எண்ணமுடைய நண்பர் சிலர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பக்கூடும். அணிகலனே ஆடம்பரம் அன்றோ? சீதனத்தையும் தாலிக்கொடியின் பவுண் கணக்கையும் வளர்ப்பதன்றி அது செய்யும் நன்மை யாது? சீதனத்தின் கொடுமையை நான் மறுக்கவில்லை. அதனை வகுப்பறையிலும் வீட்டிலும் நாள்தோறும் காண்கின்றேன். ஆயினும் அணி வேறு, உடைமை வேறு. தென்னாபிரிக்காவின் புளொம்பொஸ் குகையில் ஏறத்தாழ 75,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் துளையிட்டுக் கோத்த சிறு சிப்பிகள் கிடைத்துள்ளன. அன்று அரசனில்லை, வணிகனில்லை, சீதனமும் இல்லை. பசியோடும் குளிரோடும் போராடிய மனிதர் தம் நேரத்தில் ஒரு பகுதியைச் சிப்பியிலே துளையிடுவதற்கு ஒதுக்கினர். அழகு செய்யும் விருப்பம் செல்வத்தின் குழந்தையன்று. செல்வந்தான் பின்னர் வந்து அதனைக் கைப்பற்றிக்கொண்டது.

அவ்விருப்பம் இன்றும் உயிரோடிருப்பதை அத்தாயாரின் வீட்டுத் திண்ணையிற் கண்டேன். குருத்தோலையை வெயிலிற் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சாயத்தில் அவித்து, சத்தகத்தால் மெல்லிய வார்களாக வார்ந்து இழைக்கின்றார். கேட்கப்பட்டது இரண்டு நிறம். அவரோ மூன்றாவதாக ஒரு நிறத்தை உள்ளே ஓரிழை ஓடவிட்டிருந்தார். ஏனென்று வினவினேன். "சும்மா, வடிவாயிருக்கும் எண்டு" என்றார். அந்தச் 'சும்மா' என்ற சொல்லில் கூலிக்கு அடங்காத ஒன்று இருக்கின்றது. உழைப்பில் மகிழ்ச்சி என்று அறிஞர் எழுதியது இதனைத்தான்.

அவ்வறிஞருள் இருவரை நினைவுகூர்தல் தகும். இங்கிலாந்தின் வில்லியம் மொறிஸ் (1834–1896) தொழிலாளியின் மகிழ்ச்சியே கலை என்ற கொள்கையில் வாழ்ந்தவர். கையால் அழகிய துணிகளையும் நூல்களையும் ஆக்குவித்தவர். ஆயின் அவற்றை வாங்க வல்லவர் செல்வரே என்ற முரண்பாடு அவரை வருத்திற்று. 1883இல் அவர் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமெனலாம். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947), கண்டி நாட்டுக் கைவினைஞரைப் பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். குடியேற்ற ஆட்சியாலும் ஆலைப் பொருள்களாலும் அக்கலைகள் நலிந்ததை அவர் உணர்த்தியமை பெருந்தொண்டு. ஆயினும் அவர் போற்றிய அப்பழைய ஒழுங்கில் கைவினைஞனுக்குத் தொழிலைத் தெரியும் உரிமை இருக்கவில்லை. அங்கே நவந்தன்ன குலம். இங்கே கம்மாளர் ஐவகை. மகன் தந்தையின் உளியை விரும்பி எடுத்தானா, வேறு வழியின்றி எடுத்தானா என்று எவரும் கேட்கவில்லை. கைவினையின் மகிழ்ச்சியைப் பேசுவோர் அதனோடு பிணைந்திருந்த சாதிப்பூட்டையும் சேர்த்தே பேசவேண்டும்.

திண்ணையிலிருந்து எழும்போதுதான் அத்தாயாரின் காதுகளைக் கவனித்தேன். இரு துளைகளிலும் வேப்பங்குச்சி. தோடு அடைவில் இருந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊர் பெயர்ந்தபோது கையில் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தாக இருந்தது நகையே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசிக்கும் மருந்துக்குமாக அடைவுக்குப் போனதும் நகையே. ஆகவே குச்சியைக் கண்டு நான் வியக்கவில்லை. வியப்பு வேறிடத்தில் இருந்தது. நூற்றுக்கணக்கில் தோடு செய்பவர் தாம் செய்ததில் ஒரு சோடியை ஏன் அணியவில்லை?

"ஓலைத் தோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனால், பவுண் தோட்டை வித்துப்போட்டாள் எண்டெல்லோ ஊர் கதைக்கும்" என்றார்.

கொழும்பிலே ஒரு காதில் அவ்வோலை நல்ல இரசனைக்கு அடையாளம். அதே ஓலை, அதனை இழைத்தவரின் காதில் வறுமைக்கு அடையாளம். வறுமைக்கு ஆட்படாதவரே வறுமையின் பொருளை அழகாக அணியலாம் என்பது நம் காலத்தின் எழுதாச் சட்டம். அழகு பொருளில் மட்டும் இருப்பதாயின் இவ்வேறுபாடு தோன்ற நியாயமில்லை. அழகைக் காணும் கண்ணும் வர்க்கத்தாற் பழக்கப்படுத்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி அட்டைக்கு வருவோம். நான் முதலில் உண்மையையே எழுதினேன். தாய் இழைத்த பெட்டியின் விளிம்பு இது. ஒரு சோடி செய்ய நான்கு மணித்தியாலம் செல்லும் என்று இரண்டு வசனம். வணிகர் மணித்தியாலத்தை வெட்டிவிட்டார். வாங்குபவர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார் என்பது அவர் சொன்ன காரணம். அதில் ஒருவகை நேர்மை இருந்ததை ஒப்புக்கொள்ளவேண்டும். அலை விற்கும், நேரம் விற்காது. ஏனெனில் நேரத்தை அறிந்தவர் கூலியை வினவுவார். பெட்டியும் வேண்டாம், கடலே வேண்டுமென்று அட்டை திரும்பி வந்தது. "அலை எண்டே எழுதிவிடுங்கோ ரீச்சர், விக்கட்டும்" என்றார் தாயார். எழுதிக் கொடுத்தேன்.

அது பொய்யா? பொய்யே. யாருடைய பொய் என்பதே என்னைத் துன்புறுத்தும் வினா. பிள்ளையின் படிப்புக்காக அதற்கு இணங்கிய தாயை நான் குற்றஞ்சாட்டமாட்டேன். உண்மை பேசுவதற்கும் ஓரளவு பொருள் வேண்டியிருக்கும் சமுதாயத்தில், அப்பொருளைப் பறித்துவிட்டு உண்மையை மட்டும் ஏழையிடம் கேட்பது அறமாகாது. தொலைவிலிருந்து வாங்குபவரையும் முற்றாகப் பழிப்பதற்கில்லை. செய்தவர் யாரென அறிய விரும்புவது நல்ல விருப்பமே. பண்டத்தின் பின்னால் ஒரு மனிதர் இருக்கின்றார் என்ற நினைவு அதில் எஞ்சியுள்ளது. அந்நல்ல விருப்பத்துக்கு உண்மைக்குப் பதிலாக ஓர் அழகிய கடலைக் காட்டி அனுப்புவதே தீமை. முன்னர் உழைப்பு மட்டும் பண்டமாயிற்று. இன்று உழைப்பவரின் காலைப்பொழுதும் கனவுங்கூடப் பண்டமாகின்றன. அவர் காணாத கனவும் அதனுள் அடக்கம். அப்பண்டத்தைச் செய்துகொடுத்த கை என்னுடையது. தாய்க்குரிய நியாயம் மாதச் சம்பளம் பெறும் எனக்குப் பொருந்தாது.

இதற்கு மாற்று யாது? கைவினையை விட்டு எல்லாரும் ஆலைக்குச் செல்க என்பதன்று. அணிகலனைத் துறந்து துறவிகளாவோம் என்பதுமன்று. செய்பவர் தம் விலையைத் தாமே பேச வல்லவராதல் வேண்டும். பனையேறும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்த வரலாறு நம் பிரதேசத்துக்கு உண்டு. ஓலை இழைக்கும் பெண்களுக்கும் அவ்வழி அடைபட்டதன்று. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கலையழகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அது எத்தனை மணித்தியாலம் என்று சேர்த்துக் கேட்கப் பழகுவோம். சிலம்பின் பரலைப் பாடமாகச் சொல்லும்போது அச்சிலம்பைச் செய்த கை எதுவென்றும் ஒரு வினா எழுப்புவோம். ஓலைத் தோட்டைத் தன் தாய் அணிந்து கோயிலுக்குப் போனால் வெட்கப்படாத ஒரு மாணவியை ஆக்க முடியுமாயின், நம் அழகியற் கல்வி பயனற்றதன்று.

அடுத்த மாதமும் அட்டை எழுதும் வேலை வரும் என்று அத்தாயார் சொல்லிச் சென்றிருக்கின்றார். மணித்தியாலத்தை மீண்டும் எழுதுவேன். அவர் மீண்டும் வெட்டலாம். ஆயினும் இம்முறை, அது வெட்டப்படும் காரணத்தை அத்தாயாருக்கும் அவர் மகளுக்கும் அவரோடு ஓலை இழைக்கும் மற்றப் பெண்களுக்கும் சொல்லிவிட்டே எழுதுவேன்.